ஸப்ர் என்பது கைகட்டி இருப்பதன்று



நமது ஊரில் ஒரு மையித்து வீட்டுக்குச் சென்றாலும், வியாபாரத்தில் நட்டப்பட்ட ஒருவரைச் சந்தித்தாலும், பரீட்சையில் சித்தியடையாத பிள்ளையின் தாயைக் கண்டாலும் நாம் சொல்லுகின்ற வார்த்தை ஒன்றே. ஸபுர் செய்யுங்கள் என்கிறோம். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். கேட்டவரும் தலையசைத்துவிட்டு, இனித் தம்மால் ஆவது எதுவுமில்லை என்று சுவரில் சாய்ந்து அமர்ந்துகொள்கிறார். நாளடைவில் ஸப்ர் என்ற மகத்தான அந்தச் சொல், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நாகரிகமான வார்த்தையாக நம்மிடையே சுருங்கிவிட்டது.

அறபு மொழியில் இச்சொல்லின் மூலத்துக்குத் தடுத்து வைத்தல், பிடித்து நிறுத்தல் என்பது பொருள். நெஞ்சைப் பதற்றத்திலிருந்தும், நாவை முறைப்பாட்டிலிருந்தும், கால்களை ஓடிவிடுவதிலிருந்தும் பிடித்து வைத்துக்கொள்வதே ஸப்ர் என நமது இமாம்கள் விளக்கியுள்ளார்கள். துன்பத்தின்போது பொறுப்பது மாத்திரமன்றி, நற்செயலில் நிலைத்து நிற்பதையும், பாவத்தை விட்டு ஒதுங்கி நிற்பதையும் அவர்கள் இதன் வகைகளாகவே எண்ணினார்கள். அவ்வாறாயின் இது ஒரு வேலை. கடினமான, நாள்தோறும் செய்யவேண்டிய வேலை.

மருதமுனையிலே பிறந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ள அகராதி தேவையில்லை. தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாவு நூல் அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார். அறுந்த இரண்டு நுனிகளையும் தேடிப் பிடிக்கிறார். முடிச்சிடுகிறார். மீண்டும் மிதிக்கிறார். ஒரு சாரன் நெய்து முடிவதற்குள் எத்தனை தடவை இவ்வாறு நேர்ந்தது என்று அவர் கணக்கு வைப்பதுமில்லை. அதைச் சொல்லிக் கவலைப்படுவதுமில்லை.

இன்றைய உரையில், பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்களையும், விளையாட்டுத் துறையில் சோதனைகளைக் கடந்து வந்தவர்களையும் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகின்றேன். ஒரு மௌலவி கிரிக்கெட்டைப் பற்றியும் ஓட்டப்பந்தயத்தைப் பற்றியும் பேசலாமா என்று எவரேனும் எண்ணினால், நபி (ஸல்) அவர்கள் தமது துணைவியார் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்போட்டி வைத்ததையும், குதிரைக்கு ஈடாக ஓடக்கூடிய ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அவர்கள் ஸஹாபாக்களிடையே இருந்ததையும் அன்னார் நினைவுகூரட்டும்.

முதலில் மதீனாவுக்குச் செல்வோம். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்கள் வெறுங்கையுடன் வந்தார்கள். ஸுஹைப் (ரழி) அவர்கள் தமது செல்வம் முழுவதையும் குறைஷிகளிடம் விட்டுக்கொடுத்துவிட்டே வெளியேற முடிந்தது. வந்த இடத்திலும் உடனே நிம்மதி கிடைத்துவிடவில்லை. மதீனாவின் காய்ச்சல் அவர்களைப் பீடித்தது. அபூபக்ர் (ரழி) அவர்களும் பிலால் (ரழி) அவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். பிலால் (ரழி) அவர்கள் காய்ச்சல் தணியும் வேளையிலெல்லாம் மக்காவின் புல்லையும் நீர்நிலைகளையும் மலைகளையும் எண்ணிக் கவிபாடி ஏங்கினார்கள். கொதிக்கும் மணலில் மார்பின்மீது பாறை வைக்கப்பட்டபோதும் கலங்காத அதே பிலால்தான், சொந்த ஊரை நினைத்து உருகுகின்றார்! நபி (ஸல்) அவர்கள் இதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை; மதீனாவின்மீதும் அத்தகைய அன்பைத் தருமாறு அல்லாஹ்விடம் பிரார்த்தித்தார்கள். வளைகுடா நாடொன்றின் தொழிலாளர் விடுதியில் இரவு விளக்கை அணைத்தபின் அழுகின்ற நமது ஊர்த் தந்தையரும் சகோதரரும் இதனை அறிந்துகொள்ளல் வேண்டும். அந்தக் கண்ணீர் ஸப்ருக்கு முரணானதன்று.

அந்த முஹாஜிர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவைச் சேர்ந்த ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஃத் தமது செல்வத்தில் சரிபாதியைத் தருவதற்கு முன்வந்தார். அப்துர் ரஹ்மானோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, இவ்வூரின் சந்தை எங்குள்ளது என்பதை மட்டும் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். பனூ கைனுகாவின் சந்தை காட்டப்பட்டது. அங்கே பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வாங்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் திருமணம் முடிக்கும் அளவுக்கு, ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள தங்கத்தை மஹராகக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். பின்னாளில் அவரது வியாபாரக் கூட்டங்கள் மதீனாவுக்குள் நுழையும்போது ஊரே திரும்பிப் பார்த்தது.

இச்சம்பவத்தைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அப்துர் ரஹ்மானின் தன்மானத்தைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆயின் அங்கே இன்னொரு மனிதரும் இருக்கின்றார் அல்லவா? சந்தைக்குச் செல்லும் வழியைக் காட்டிய ஸஃத். அவர் இல்லாவிட்டால் அப்துர் ரஹ்மானின் உழைப்பு தெருவிலே நின்றிருக்கும். தாமே தேவையுடையோராக இருந்தும் பிறரைத் தம்மைவிட முற்படுத்தினார்கள் என்று அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் அன்ஸார்களைப் புகழ்கின்றான். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வரலாற்றிலும் இந்த இரண்டாவது மனிதரைத் தேடிக்கொண்டே வாருங்கள்.

நமது நாட்டிலும் ஒரு பெரும் பெயர்வு நடந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என எந்தப் பகுதியும் தப்பவில்லை. யாழ்ப்பாண நகரத்து மக்கள் அம்மாதம் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டார்கள். நகை, பணம், காணி உறுதிகள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள் எனத் தலைமுறைகளின் தேட்டம் ஒரு பிற்பகலுக்குள் பறிபோனது. சுமார் 75,000 பேர் நடந்தும், வள்ளங்களிலும், லொறிகளிலுமாக வந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தைச் சென்றடைந்தார்கள்.

புத்தளத்து மக்கள் செல்வந்தர்கள் அல்லர். உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கடலிலும் உழைத்து உண்பவர்கள். அவர்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள்; தமது தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் எழ அனுமதித்தார்கள்; ஏற்கெனவே நெருக்கடியாயிருந்த வகுப்பறைகளில் வந்த பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். காலப்போக்கில் நீருக்காகவும் தொழிலுக்காகவும் மனக்கசப்புகள் தோன்றவே செய்தன. அதை மறைப்பதற்கில்லை. நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் கிணற்றடியில் முஹாஜிருக்கும் அன்ஸாருக்கும் இடையே சச்சரவு மூண்டதுண்டு. ஆயினும் அந்த அகதி முகாம்களிலிருந்து மருத்துவரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் உலமாக்களும் தோன்றினார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் அவர்கள்.

இங்கே ஒரு வார்த்தை. வடபுல முஸ்லிம்களின் பொறுமையை மேடைகளில் புகழ்வது எளிது. 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிச் சென்றவர்கள், காடு மண்டிய காணிகளையும் கூரையற்ற வீடுகளையும் கண்டு, மீள்குடியேற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள். அவர்களை நோக்கி ஸபுர் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்களது உரிமைக்காக ஒரு கடிதமேனும் எழுதாதிருப்பது எவ்வகையிலும் நீதியாகாது. துன்பப்படுபவருக்கு ஸப்ர் கடமையென்றால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உதவி கடமை. அநீதி செய்தவனின் பொறுப்பை, பொறுத்தவனின் சிறப்பு ஒருபோதும் குறைத்துவிடாது.

நாமும் இதற்கு அந்நியரல்லர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்தபோது, நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். நமது கரையோர வீதிகளில் வீடுகள் மாத்திரமா போயின? தறிகளும் நூற்கட்டுகளும் போயின. கரையிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதியினால் தமது சொந்த ஊருக்குள்ளேயே இடம்பெயர்ந்தோராகிப் போனவர்கள் நம்மிடையே உள்ளனர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞரே, உமது வீட்டில் ஒரு மூத்தம்மா இருந்தால், அன்று எல்லாம் போனபின் முதன்முதலாக என்ன வேலையைச் செய்யத் தொடங்கினீர்கள் என்று அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாரும். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று கேளும்.

டிசம்பர் 26 என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. அதே திகதியில், 1995ஆம் ஆண்டு, மெல்பேர்ண் மைதானத்தில் ஒரு மனிதரின் வாழ்வு முடிந்துவிட்டதாகவே உலகம் எண்ணியது. அவர்தான் முத்தையா முரளிதரன்.

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக இந்நாட்டுக்கு வந்தவர். மலையகத் தமிழரின் வரலாறு எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். நாட்டின் செல்வத்தைத் தம் முதுகில் சுமந்த அம்மக்களுட் பெரும்பாலோருக்கு, சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமை மறுக்கப்பட்டது. பாட்டனார் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பினார். மகன் கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. முரளிதரன் அப்போது ஐந்து வயதுக் குழந்தை. குடும்பம் மீண்டும் தொழிலைக் கட்டியெழுப்பியது. மகன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்து, பதினான்கு வயதளவில் பயிற்றுநரின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். பிறவியிலேயே அவரது முழங்கையை முற்றாக நீட்ட முடியாது. எந்தக் கையை வைத்து உலகை வென்றாரோ, அந்தக் கையே குறையுடையதாகப் படைக்கப்பட்டிருந்தது.

மெல்பேர்ணில் அன்று அவுஸ்திரேலிய நடுவர் டரல் ஹெயார், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று தீர்ப்பளித்தார். மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவைகள் நோ போல் என்று கை நீட்டினார். சுற்றிவரப் பல்லாயிரக்கணக்கான பார்வையாளர்கள். இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரை, கள்வன் என்று உலகத்தின் முன்னால் கூறுவதற்கு ஒப்பானது அது. பிள்ளைகளே, வகுப்பறையில் முப்பது பேர் முன்னிலையில் ஆசிரியர் ஒருவர் உங்களை அவமதித்தால் எத்தனை நாள் பாடசாலைக்குப் போகாதிருப்பீர்கள்?

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க ஒரு காரியம் செய்தார். பந்தை முரளிதரனிடமிருந்து நிரந்தரமாக வாங்கிவிடவில்லை. அவரை ஆடுகளத்தின் மறுமுனையிலிருந்து வீசச் செய்தார். அந்த முனையில் நின்ற நியூஸிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் அவரைத் தடுக்கவில்லை. முரளிதரன் அங்கிருந்து ஓவர் ஓவராக வீசிக்கொண்டே இருந்தார். அதே நாள், அதே மைதானம், அதே கை. முனைதான் வேறு. எனக்கு அந்த 800 விக்கெட்டுகளைவிட, அவமானத்துக்குப் பின்னர் மறுமுனைக்கு நடந்து சென்ற அந்த இருபத்திரண்டு யார் தூரம்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

அத்தோடு சோதனை தீர்ந்துவிடவில்லை. பத்து நாட்களில் பிரிஸ்பேனிலும், பின்னர் 1999இல் அடிலெய்ட்டிலும் மீண்டும் அதே குற்றச்சாட்டு. அவர் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குச் சென்று தமது கையைச் சோதனைக்கு ஒப்படைத்தார். 2004ஆம் ஆண்டில் கை மடங்கவே முடியாதபடி கவசம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, கெமராக்களின் முன்னிலையில் பந்துவீசிக் காட்டினார். பந்துவீச்சாளர்கள் பலரின் கைகளும் ஓரளவு வளையவே செய்கின்றன என்பது ஆய்வுகளில் வெளிப்பட, 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை தனது விதியையே திருத்தி, 15 பாகை வரையான நீட்சியை அனுமதித்தது. 2010 ஜூலை 22ஆம் திகதி காலி மைதானத்தில், தமது இறுதி டெஸ்ட் போட்டியின் இறுதிப் பந்திலே 800ஆவது விக்கெட்டை அவர் வீழ்த்தினார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தவர்கள் பலர் இருப்பீர்கள்; எவரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

அவர் நமது மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நன்மை எங்கிருந்தாலும் அதனைக் கற்றுக்கொள்வது முஃமினின் இயல்பு. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்கு வழிகாட்டியாகச் சென்ற அப்துல்லாஹ் இப்னு உரைகித்தும் அவ்வேளை முஸ்லிமாக இருக்கவில்லையே.

இனி, கடல் கடந்து ஒரு முஸ்லிம் சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்ட வீரர் மோ ஃபராவைப் பலரும் அறிவீர்கள். வெற்றிக் கோட்டைத் தாண்டியதும் ஸுஜூதில் விழுந்தவர். அவர் யார் என்பதை உலகம் சரிவர அறிந்தது 2022ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு ஜூலை மாதம் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றில் அவரே தமது உண்மையை வெளியிட்டார். அவரது இயற்பெயர் ஹுஸைன் அப்தி காஹின். இன்று ஸோமாலிலாந்து எனப்படும் பகுதியில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை யுத்தம் கொன்றது. ஒன்பது வயதளவில் முன்பின் அறியாத ஒரு பெண், உறவினர்களிடம் சேர்ப்பதாகக் கூறி, மொஹமட் ஃபரா என்ற வேறொரு பிள்ளையின் பெயரில் அவரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கு சென்றதும் உறவினர்களின் விபரம் எழுதப்பட்டிருந்த கடதாசி கிழித்தெறியப்பட்டது. பிறர் பிள்ளைகளைப் பராமரிப்பதும் வீட்டு வேலை செய்வதுமே அவருக்கு விதிக்கப்பட்டது. சில ஆண்டுகள் பாடசாலைக்கும் அனுப்பப்படவில்லை. குளியலறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுவாராம்.

பன்னிரண்டு வயதளவில் லண்டனில் ஒரு பாடசாலையில் சேர்ந்தபோது ஆங்கிலம் அரிதாகவே தெரியும். அவருடைய உடற்கல்வி ஆசிரியர் அலன் வட்கின்சன், இந்தப் பையன் ஓடும்போது மாத்திரம் வேறொரு பிள்ளையாக மாறிவிடுவதைக் கவனித்தார். நாளடைவில் பையன் அந்த ஆசிரியரிடமே தன் இரகசியத்தைச் சொன்னான். ஆசிரியர் உரிய அதிகாரிகளுக்கு அறிவித்து, அவன் அந்த வீட்டிலிருந்து வெளியேறி வேறொரு ஸோமாலியக் குடும்பத்துடன் வாழ வழிசெய்தார். வெளிநாட்டுப் போட்டியொன்றுக்கு அழைப்பு வந்தபோது பையனிடம் பிரயாணப் பத்திரம் இல்லை. வட்கின்சன் அவனுக்காகப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் நீண்ட அலைச்சலை ஏற்றுக்கொண்டார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் அது கிடைத்தது. பாருங்கள், இங்கேயும் அந்த இரண்டாவது மனிதர்.

அதன் பின்னரும் வெற்றி வரிசையாக வந்துவிடவில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர் இறுதிப் போட்டிக்குக்கூட அவர் தெரிவாகவில்லை. இருபத்தைந்து வயதில், ஒரு ஓட்ட வீரரின் உடல் நல்ல வலிமையுடன் இருக்கும் காலத்தில் நேர்ந்த தோல்வி அது. நான்கு ஆண்டுகளின் பின்னர் லண்டனில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம். 2016 றியோவில் 10,000 மீற்றர் ஓட்டத்தின் பத்தாவது சுற்றளவில், தம்முடன் பயிற்சி பெற்ற தோழரின் கால் தட்டுண்டு தரையில் விழுந்தார். இருபத்தைந்து சுற்றுகள் கொண்ட ஓட்டம் அது. எழுந்தார். எழுந்தவர் ஆத்திரத்தோடு முன்னே பாயவில்லை என்பதைக் கவனியுங்கள்; சிறிது சிறிதாகத் தமது இடத்தை மீட்டுக்கொண்டு கடைசிச் சுற்றிலேயே முந்தினார். தங்கம் வென்றார். விழுந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே பாய்ச்சலில் மீட்டுவிட எண்ணுபவர்கள்தான் இரண்டாம் முறை விழுகிறார்கள். வியாபாரத்தில் நட்டப்பட்டு, அதை ஒரே மாதத்தில் ஈடுசெய்ய வட்டிக்குக் கடன் வாங்கியவர்களை நாம் பார்க்கவில்லையா?

அகதி முகாமிலிருந்து ஓர் அணியே எழுந்ததும் உண்டு. சோவியத் படையெடுப்பால் பாகிஸ்தானுக்கு ஓடிய ஆப்கானியரின் பிள்ளைகள், பெஷாவர் நகரை அண்டிய முகாம்களில் கிரிக்கெட் கற்றார்கள். 2008இல் உலக கிரிக்கெட் லீக்கின் ஐந்தாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஆப்கானிஸ்தான் அணி, 2017இல் டெஸ்ட் அந்தஸ்தையும், 2024 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் அரையிறுதியையும் அடைந்தது.

இளைஞர்களே, இவற்றைக் கேட்டவுடன் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு நாளையே ஏஜென்சிக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். இவர்களில் எவரும் பெயர்ந்ததனால் மட்டும் உயர்ந்தவர் அல்லர். எத்தனையோ பேர் பெயர்ந்து சென்று காணாமற் போயும் இருக்கின்றனர். நான் உங்களிடம் வேண்டுவது வேறு. விளையாட்டு வீரர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து, நேற்று ஓடிய அதே பாதையில் இன்றும் ஓடுகிறார். பார்ப்பதற்கு யாருமில்லை, கைதட்டுமில்லை. குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸுபஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம் கணிதம் செய்கின்ற பிள்ளையும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஹிப்ழு செய்கின்ற பிள்ளையும் இந்த ஓட்ட வீரரின் பாதையில்தான் இருக்கின்றனர். பரீட்சைக்கு முந்திய இரு வாரங்களில் இரவு முழுதும் விழித்திருப்பதற்கு ஸப்ர் என்று பெயரில்லை. அது பதற்றம்.

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைவோருள் பெரும்பான்மையினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளை முட்டாளுமல்ல, சோம்பேறியுமல்ல. அந்தப் பிள்ளைக்கு மறுமுனை ஒன்று தேவை. மீண்டும் ஒரு தடவை தோற்றலாம். தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தாதியர் பயிற்சி, கணக்கியல், வெளிவாரிப் பட்டம் இருக்கின்றன. தறியும் இருக்கிறது, அதன் துணியைப் புதிய சந்தைக்குக் கொண்டுசெல்லும் வேலையும் இருக்கிறது. ஒரு முனையில் நிற்கும் நடுவர் கை நீட்டிவிட்டார் என்பதற்காக ஆட்டம் முடிந்துவிடவில்லை.

பெற்றோர்களே, பெறுபேறு வெளியாகும் தினங்களில் நமது வீடுகளில் நடப்பதை நான் அறிவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லிக் காட்டுகிறோம். மகன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறான். இரண்டு நாட்கள் உண்ணாமல் கிடக்கிறான். அவ்வேளையில் அவனை அணுகுபவர்கள் யார்? சில வேளை, தூளை விற்பவன்தான் முதலில் வருகிறான். மச்சான், கவலையை விடு என்று தோளில் கை போடுகிறான். அந்தக் கை உங்களுடையதாக ஏன் இருக்கக்கூடாது? தகப்பன் கட்டாரில் இருந்தால் தொலைபேசியில் முதலில் பெறுபேற்றைக் கேட்காமல், சாப்பிட்டாயா மகனே என்று கேட்கட்டும். உம்மா கதவைத் தட்டிச் சோற்றுக் கோப்பையை உள்ளே கொண்டு செல்லட்டும். மாமாவோ சாச்சாவோ மறுநாள் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வழி தெரிந்த ஓர் ஆசிரியரிடம் கூட்டிச் செல்லட்டும். உபதேசம் அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வகுப்பில் பாடத்தில் பின்தங்கி, மைதானத்தில் மட்டும் கண்கள் ஒளிரும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளையாக இருக்கலாம். வேறு வீட்டில் வளரும் பிள்ளையாக இருக்கலாம். நாளைக்கு இடைவேளையில் அவனைத் தனியே அழைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உடனே பதில் வராது. வட்கின்சனிடமும் அந்தப் பையன் முதல் நாளே எதையும் சொல்லிவிடவில்லை. மறுநாளும் கேளுங்கள்.